எடுக்காமல் விட்ட ஷொட்

வதனி இதை யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. சொன்ன இரண்டு மூன்று பேரிடமும் நாளையும் நேரத்தையும் மட்டும் திருத்தமாகச் சொன்னாள். மற்றதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டாள். புரட்டாதி மாதத்து வியாழக்கிழமை. பின்னேரம் ஆறு பன்னிரண்டுக்குத் தொடங்கி ஆறு நாற்பத்தொன்றுக்கு முடிந்தது. முடிந்தது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். அந்த இருபத்தொன்பது நிமிடமும் அவள் விழித்திருந்தாள். காய்ச்சல் இல்லை. பக்கத்து அறையில் இன்னொரு மனுசி இருந்தாள். நேரங்களைக் கமெராவே குறித்து வைத்திருக்கிறது.

ஆம், ஒரு வீடியோ கமெரா வாங்கப் போன இடத்தில்தான் எல்லாம்.

வதனிக்கு முப்பத்துமூன்று வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் உதவியாளர். கணவன் யதுர்ஷன் இறந்து எட்டு மாதம். இருவரும் சேர்ந்து குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சனி ஞாயிறுகளில், அவனுடைய போனில், செங்கலடியில் தங்கள் வீட்டு ஹோலிலும் பின்னாலிருந்த வாவிக் கரையிலுமாக எடுப்பார்கள். அவள் எழுதி இயக்குவாள். அவன் நடிப்பான். நல்ல கமெரா ஒன்று வாங்குவது அவனுடைய தீராத பேச்சு. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். முழு எச்டி. லென்ஸே கிட்ட இழுக்கிற ஸூம். படத்தைப் பெருப்பித்து ஏமாற்றுகிற ஸூம் கூடாது. வெளி மைக் குத்த ஒரு துளை கட்டாயம். மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்: விலை எங்களுக்குத் தாங்க வேண்டும்.

அந்தக் கொப்பியோடுதான் அவள் ஏறாவூருக்குப் போனாள். நூலகத்தில் கூட வேலை செய்யும் ஸாதியாவின் நானா றிஸ்லான் அங்கே கடை வைத்திருந்தார். டோஹாவில் பத்து வருடம் நின்று வந்தவர். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் பழைய கமெராக்கள் அவர் கைக்குத்தான் வரும். அன்று மூன்றைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது புதுசு, தங்கச்சி. பெட்டி இன்னும் உடைக்கல்ல. ஃபோர் கே எண்டு போட்டிரிக்கி."

"வெளியில போட்டிரிக்கி. உள்ளுக்கு இரிக்கா, நானா?" என்றாள் ஸாதியா.

"பாருங்க, கூடப் பொறந்தவளே யாவாரத்தக் கெடுக்கிறா."

வதனி சிரிக்கவில்லை. கோபமில்லை, அது வரவில்லை, அவ்வளவுதான். எட்டு மாதமாக அவளுடைய முகம் அதன் பாட்டுக்கு இருந்தது.

இரண்டாவது கமெரா பழையது, கனமானது. லென்ஸ் நல்லது, ஆனால் ஃபோகஸ் பிடிக்க நேரமெடுக்கும் என்று அவரே சொன்னார். மூன்றாவதும் பழையதுதான். முழு எச்டி, முப்பது மடங்கு ஸூம், மைக் துளை எல்லாம் இருந்தன. ஆளின் முகத்தைக் கண்டால் திரையில் ஒரு வெள்ளைச் சதுரம் போட்டு அதையே பிடித்துக்கொள்ளும். றிஸ்லானின் முகத்தில் ஒன்று, ஸாதியாவின் முகத்தில் ஒன்று என்று சதுரங்கள் உடனே விழுந்தன.

"கடை லைட்டுக்குக் கீழ எல்லாக் கமெராவும் நல்ல கமெராதான்," என்றார் றிஸ்லான். "மம்மல் வெளிச்சத்தில பாருங்க. மூண்டையும் கொண்டு போங்க. நாளைக்குப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பார்ப்பம். எது நல்லமோ அத எடுங்க."

தன் போனைப் பார்த்து மூன்றிலும் நாளையும் நேரத்தையும் சரிசெய்து கொடுத்தார்.

வீட்டு ஹோலில் வைத்துப் பார்ப்பதென்று வதனி முன்னமே முடிவு செய்திருந்தாள். ஏனென்றால் அவர்களுடைய படத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு ஷொட் அந்த ஹோலுக்குரியது. அதில் நடிக்க இனி ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

போன மார்கழியில் எடுத்த அந்தப் படத்தில் யதுர்ஷன் பிணமாக நடித்தான். ஹோலின் நடுவில் ஆள் படுக்கக்கூடிய நீள மர வாங்கு. தெற்கே தலை. தலைமாட்டில் குத்துவிளக்கு. போனில் இடம் போதவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். அவன் வலை வீசப் பழகித் தானே தண்ணீருக்குள் விழுந்தது. மீன் பொரித்தபடி பாடியது. அடுப்படியில் ஆடியது. "நாங்க இரிக்கிறம்தானே, திரும்ப எடுக்கலாம்," என்றான்.

மூச்சை அடக்கிக் கிடப்பதில் அவன் கெட்டிக்காரனல்ல. நாலு தடவை வயிறு ஏறி இறங்கிக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாம் தடவை அவள் கண்டிப்பாகச் சொன்னாள். "நான் எழும்பச் சொல்லும் வரைக்கும் மூச்சு விடப்படாது." விடவில்லை. நாற்பத்தேழாவது வினாடியில் போன் நிறைந்து தானாக நின்றது.

படம் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அதே இடத்தில் எழுப்பி இருத்தி, கமெராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து இன்னொரு ஷொட் எடுத்துவிட வேண்டும். அது படத்துக்கு அல்ல. ஆளுக்கு.

"எடுத்தாச்சா?" வாங்கில் கிடந்தபடியே கேட்டான்.

"ஓம். போன் நிறைஞ்சிட்டு."

"அப்ப சிரிக்கிற ஷொட்?"

"நாளைக்கு எடுப்பம்."

"நாளை வரைக்கும் நான் பொணமா? நல்ல டிரெக்டர் கா நீ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பு எதிலும் பதிவாகவில்லை. அவள் போனைச் சார்ஜில் போடப் போய்விட்டாள். எழும்பச் சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை.

மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் தகப்பனுடைய வயல் வட்டைக்குள் வெள்ளம் வந்துவிட்டதென்று ஓடினான். பிறகு ஏதேதோ. மூன்று கிழமை கடந்தது. ஒரு நிமிட வேலைக்கு மூன்று கிழமை. தையில் எலிக்காய்ச்சல். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது.

சுவிஸில் இருக்கிற மச்சாளுக்கு அனுப்புவதற்காகச் செத்த வீட்டை வீடியோ எடுத்தார்கள். இப்போது எல்லாருமே எடுப்பதுதான். ஆக, யதுர்ஷனின் வீடியோ என்று உலகத்தில் இரண்டு இருந்தன. இரண்டிலும் அதே ஹோல், அதே வாங்கு, தெற்கே தலை. ஒன்றில் நடிக்கிறான்.

கலியாண வீடியோ இல்லை. கொரோனாக் காலத்துக் கலியாணம், பதினைந்து பேர், நாலு படம். அந்தப் படங்களிலும் உடைந்த முன்பல்லை மறைக்க வாயை இறுக மூடியிருப்பான். உயிரோடு அவன் முகம் ஒருமுறை அசைவதை, ஒரு சிரிப்பை, பார்க்கக் கிடைக்காதா என்பதைத் தவிர அவளிடம் வேறு ஆசை மிச்சமில்லை. கடையில் வாங்கும் கமெரா அதைத் தராது. தெரிந்தும் வாங்கப் போனாள். துக்கம் ஆளை இப்படித்தான் சின்னச் சின்ன வேலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

கமெராக்களை எடுத்து வந்த அதே வியாழக்கிழமைப் பின்னேரம் ஸாதியா அவளோடு வீட்டுக்கு வந்தாள். தூரத்தில் பாங்கு கேட்டது.

"நான் உள்ளுக்குத் தொழுது, யாசீனும் ஓதிட்டு வாறன். வியாழன்தானே. நீ லைட்ட நூத்துப் போட்டு உன்ட படத்தப் பிடி," என்றாள். "என்ன சத்தம் கேட்டாலும் இடையில எழும்பி வரமாட்டன் கா. பல்லி கண்டு கத்தாத."

அறைக் கதவு சாத்தியது.

வதனி லைட்டை அணைத்து, குத்துவிளக்கை ஏற்றி வாங்கின் தலைமாட்டில் வைத்தாள். அளவு பார்க்கவென்று ஒரு தலையணையும் போட்டாள். கமெராவை முக்காலி ஸ்டாண்டில் பூட்டினாள்.

ஆறு பன்னிரண்டு. முதலாவது கமெரா.

நினைத்ததுதான். மங்கலில் படம் கொதித்தது. சுவர், யன்னல், தரை எங்கும் சாம்பல் நிறப் புள்ளிகள் எறும்பு போல ஊர்ந்தன. இது சரிவராது என்று கையெடுக்கப் போனவள் நின்றாள்.

வாங்கின் மேல் மட்டும் புள்ளிகள் இல்லை. ஒரு ஆள் நீளத்துக்குத் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது.

விளக்கு அந்தப் பக்கம் இருப்பதால் என்று சொல்லிக்கொண்டாள். விளக்கைத் தூக்கி யன்னலடிக்கு மாற்றினாள். யன்னலடி கொதித்தது. வாங்கு கொதிக்கவில்லை.

ஆறு பத்தொன்பது. இரண்டாவது கமெரா.

ஃபோகஸ் முன்னும் பின்னும் போய்த் தடுமாறியது. 'ஙீ... ஙீ...' என்று லென்ஸுக்குள் சின்னச் சத்தம். பிறகு பிடித்துக்கொண்டது. தலையணை மங்கலாகத் தெரிந்தது. பின்சுவரும் மங்கல். இரண்டுக்கும் நடுவில் எதையோ பிடித்திருந்தது. அவள் போய் வாங்குக்கு மேலே கையை நீட்டினாள். மெல்ல உயர்த்தினாள். தலையணைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் திரையில் அவளுடைய விரல்கள் கூராகத் தெரிந்தன.

ஒரு சாண். படுத்திருக்கும் ஆளின் மூக்கு நுனி வரும் உயரம்.

கையை இழுத்துக்கொண்டாள். கை குளிரவில்லை. அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது. லேசான சூடு.

உள்ளே ஸாதியா ஓதும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு இருபத்தேழு. மூன்றாவது கமெரா.

திரை தெளிவு. புள்ளி இல்லை. ஃபோகஸ் உடனே பிடித்தது. யது இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பான் என்று நினைத்தாள். நினைத்து முடிக்கவில்லை...

வெள்ளைச் சதுரம் விழுந்தது.

தலையணையின் மேல்.

தலையணையின் பூ வேலைப்பாட்டைக் கமெரா முகமென்று நினைத்திருக்கும். போய்த் தலையணையை எடுத்தாள். வந்து பார்த்தாள். வெறும் பலகை. சதுரம் அங்கேயே நின்றது.

கண்ணால் பார்த்தாள். ஒன்றுமில்லை. திரையில் பார்த்தாள். சதுரம்.

தங்கள் பழைய மைக்கை எடுத்துக் கமெராவின் துளையில் குத்தினாள். ஏன் குத்தினாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. கை பழக்கத்தில் செய்தது. திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவு காட்டும் பச்சைக் கோடு உண்டு. ஸாதியா அப்போது ஓதலை நிறுத்தியிருந்தாள். வீதியில் வாகனம் இல்லை. கோடு அடியில் கிடந்தது. எதுவும் அசையவில்லை.

பிறகு ஒரேயொரு தரம் துள்ளியது. விழுந்தது.

அவள் நேரத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு...

துள்ளியது.

திரும்பவும் எண்ணினாள். திரும்பவும் நாற்பத்தேழு.

மூச்சு.

அடக்கி, அடக்கி, முடியாமல் விடுகிற மூச்சு.

பயம் அவளுக்கு வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றுவிட்டது. எட்டு மாதம். மாசி, பங்குனி, சித்திரை என்று அவள் இந்த வாங்கைக் கடந்து வேலைக்குப் போனாள். இதன் ஓரத்திலிருந்து தேத்தண்ணி குடித்தாள். அவ்வளவு நாளும், அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக, அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

பதிவுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது.

ஆறு முப்பத்தொன்பது.

"யது..."

திரும்பச் சொன்னாள்.

"யது. சரி. போதும். எழும்புங்க."

ஒன்றுமில்லை.

'கிறீச்...'

வாங்கு.

சதுரம் அசைந்தது.

மெல்ல... மெல்ல உயர்ந்தது.

நின்றது. வாங்கில் எழும்பி இருக்கும் ஆளின் தலை உயரம்.

விளக்குச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள். "என்னைப் பாருங்க. சிரிங்க."

கண்ணீரில் திரை கலங்கியது. துடைக்கவில்லை.

"ஒருக்கா, யது... ஒரே ஒருக்கா."

ஆறு நாற்பத்தொன்று.

'டிக்.'

கமெரா படம் எடுத்த சத்தம்.

அவள் எதையும் அழுத்தவில்லை.

சதுரம் மறைந்தது. சுடர் நிமிர்ந்தது. பச்சைக் கோடு அடியில் கிடந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அது துள்ளவில்லை.

ஸாதியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி வதனியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆரோட கதைச்ச?"

"ஒருத்தரோடயும் இல்ல."

ஸாதியா விளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். மூன்று கமெராவின் பற்றரிகளையும் கழற்றி, எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, ஏழரைக்கு வந்த றிஸ்லானின் வானில் ஏறிப் போனாள். தனியே நிற்க வேண்டாம், ஏறாவூருக்கு வா என்று எவ்வளவோ சொன்னாள். வதனி போகவில்லை. அன்றிரவு எட்டு மாதத்தில் முதல்தடவையாகக் கனவில்லாமல் தூங்கினாள். காலையில் எழும்பியபோது முன்கதவு திறந்து கிடந்தது. பூட்ட மறந்துவிட்டேன் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு, ஏறாவூர்க் கடையில், றிஸ்லான் மூன்றாவது கமெராவின் மெமரி காட்டைக் கணினியில் போட்டார். முதலில் வீடியோ. வாங்கு, விளக்கு, அவளுடைய குரல். சதுரம் பதிவாகவில்லை. அது திரையில் மட்டும் வருவது, வீடியோவில் விழாது என்றார். வாங்கில் ஒருவரும் இல்லை. வாங்கு கிறீச்சிட்ட சத்தம் மட்டும் இருந்தது. அதைக் கேட்டதும் அவர் ஒலியைக் குறைத்தார்.

வதனி கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் எதிர்பார்த்து வந்தது அதில் இல்லை.

"படமும் எடுத்திரிக்கிறீங்க போல, தங்கச்சி."

முதலாவதைத் திறந்தார். ஆறு நாற்பத்தொன்று.

படத்தில் இருந்தது வாங்கு அல்ல. வதனி. கமெராவுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறாள். கன்னமெல்லாம் ஈரம். படத்தில் அந்தக் கமெராவும் அதன் கால்களும்கூடத் தெரிந்தன. வாங்கில் இருக்கும் ஒருவரின் கண் உயரத்திலிருந்து எடுத்த படம்.

அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் வருகிற முகம் அல்ல அது. எதிரே யாரோ ஒருவரைக் கண்டதும் தன்னை மறந்து விரிகிற முகம். அதை அவனைத் தவிர வேறெவரும் பார்த்திருக்க முடியாது.

"இன்னும் இரிக்கி," என்றார் றிஸ்லான். குரல் தாழ்ந்திருந்தது.

இரவு ஒன்று ஏழு. கட்டிலில் தூங்குகிற வதனி, பக்கத்துத் தலையணையிலிருந்து. இரவு ஒன்று முப்பத்திரண்டு. இரண்டு பத்து. மூன்று மணிக்குள் நாலு படங்கள். இரவு முழுக்க மொத்தம் பதினொன்று. அறையில் வெளிச்சமே இல்லை. இருந்தும் ஒரு புள்ளிகூடக் கொதிக்கவில்லை. எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானா..." ஸாதியா அவருடைய கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "கமெரா எங்கட வீட்டில. என்ட அலுமாரிக்குள்ள. பற்றரி ராவெல்லாம் சார்ஜில கிடந்திச்சி. நீங்கதானே காலையில சார்ஜர்ல இரிந்து கழற்றினீங்க."

றிஸ்லான் கமெராவை எடுத்து அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதில ஒரு வேலை இரிக்கி, தங்கச்சி. முந்தி வச்சிருந்தவர் போட்டு விட்டிரிப்பார். நான் கவனிக்கல்ல. பொத்தான் அமத்தத் தேவையில்ல. முகத்தைப் பார்த்துக்கிட்டே இரிக்கும். அந்த முகம் சிரிச்சாத்தான் தானா எடுக்கும். சிரிக்கிற முகம் ஒண்டு முன்னுக்கு இல்லாட்டி எடுக்காது."

கடைசியாக இன்னுமொரு படம் இருந்தது. வெள்ளி, விடிய ஐந்து முப்பத்தெட்டு. அதை வதனியே அழுத்தித் திறந்தாள்.

அவளுடைய கட்டிலிலிருந்து, அவள் தலை வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்த படம். அறை வாசல் தெரிந்தது. அதற்கு அப்பால் ஹோல், வெறும் வாங்கு, திறந்து கிடக்கும் முன்கதவு. கதவுக்கு வெளியே விடிகிற வெளிச்சம்.

றிஸ்லான் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஸாதியா கிட்டக் குனிந்து பார்த்தாள். வதனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஒருவரும் இல்லை.

கமெரா எடுத்திருந்தது.